வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர்? நெடுந்தூர ஓட்டம்: கேள்வி பதில்

கேள்வி: சார், 10 கி.மீ., அரை மாரத்தான், முழு மாரத்தான், மூன்றுக்கும் வாரம் எவ்வளவு ஓடணும்? சுற்றி வளைக்காமல் எண்ணைச் சொல்லுங்க.

பதில்: ஓடி முடித்தால் போதும் என்பவருக்கு வரிசையாக 25, 35, 55 கி.மீ. நேரத்தைக் குறைக்க நினைப்பவர் 40, 55, 80 பக்கம் போக வேண்டியிருக்கும். இதெல்லாம் உச்ச வாரங்களின் கணக்கு, முதல் வாரத்திலேயே எட்டிப் பிடிக்க அல்ல.

ஆனால் கிலோமீட்டரைவிட மணிக்கணக்கைப் பாருங்கள். வாரம் 60 கி.மீ. என்பது கிலோமீட்டருக்கு 4 நிமிடத்தில் ஓடுபவருக்கு 4 மணி நேர வேலை. ஏழரை நிமிடக்காரருக்கு அதுவே ஏழரை மணி நேரம். அடுத்தவர் கடிகாரத்தில் பார்த்த 60ஐ அப்படியே எடுத்துக்கொள்பவர்கள் அடிபடுவது இந்த வித்தியாசத்தால்தான்.

கேள்வி: கென்யாவின் மாரத்தான் வீரர் கிப்சோகே தன் உச்சத்தில் வாரம் 200 கி.மீ. வரை ஓடினாராம். அதில் பாதியாவது நாம் ஓட வேண்டாமா?

பதில்: ஓடினார்தான், ஆனால் அதில் பெரும்பகுதி அவருக்கு நிதானமான வேகம். பல வருடம் ஏற்றிய கணக்கு அது. நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்டு 800 மீட்டர்க்காரரான பீட்டர் ஸ்னெல்லையே வாரம் 160 கி.மீ. ஓட வைத்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஸ்னெல் தங்கம் வென்றதும் அந்த எண் புகழ் பெற்றுவிட்டது. அது அடித்தளம் போடும் மாதங்களுக்கு மட்டும் என்பதும், வேகப் பயிற்சி தொடங்கியதும் தூரம் குறையும் என்பதும் பலர் காதில் விழவே இல்லை.

கேள்வி: வாரம் 10 சதவீதம் கூட்டலாம் என்கிறார்களே, அது சரியா?

பதில்: வாரம் 15 ஓடுபவருக்கு ஒன்றரை கி.மீ. கூட்டுவது வீண் கஞ்சத்தனம். 40 ஓடுபவர் விடாமல் 10 சதவீதம் கூட்டினால் எட்டே வாரத்தில் 85ஐத் தாண்டுவார். அது ஆபத்து.

படிக்கட்டாக ஏறுங்கள். ஒரே தடவையில் 5 முதல் 8 கி.மீ. கூட்டி, அங்கேயே மூன்று வாரம் இருங்கள். நான்காவது வாரம் கால்பங்கு குறைத்துவிட்டு அடுத்த படி. காரணம் இருக்கிறது: மூச்சும் இதயமும் சில வாரங்களில் பழகிவிடும், எலும்புக்கும் குதிகால் தசைநாணுக்கும் மாதக்கணக்கில் ஆகும். புதுச் சுமை வந்தால் எலும்பில் பழைய பகுதி முதலில் கரையும், பிறகுதான் புதியது படியும். அந்த இடைவெளியில் அது முன்பைவிடப் பலவீனமாக இருக்கும். 'நன்றாகத்தானே ஓடிக்கொண்டிருந்தேன்' என்று அடிபட்ட பலரும் சொல்வது மூன்றாம், நான்காம் வாரத்தில்தான்.

முதலில் நாட்களைக் கூட்டுங்கள், அடுத்து ஒவ்வொரு ஓட்டத்தின் நீளத்தை, கடைசியாக வேகத்தை. தூரத்தையும் வேகத்தையும் ஒரே வாரத்தில் தொடாதீர்கள்.

கேள்வி: எனக்கு மூன்று நாள்தான் கிடைக்கிறது. ஞாயிறு 30, மற்ற இரண்டு நாளும் சேர்த்து 15. போதுமா?

பதில்: மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கை ஒரே நாளில் போடுகிறீர்கள். நீண்ட ஓட்டம் வாரத்தில் 30 முதல் 40 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. மூன்று மணி நேரத்தைத் தாண்டினால் பலன் கொஞ்சம், தேறுவதற்குப் பிடிக்கும் நாட்கள் அதிகம். எப்படியாவது நான்காவது நாளில் 6 கி.மீ. தேற்றுங்கள். 20, 13, 11, 6 என்று பிரித்தால் 50 ஆகிறது, ஞாயிறும் 40 சதவீதத்துக்கு வந்துவிடுகிறது.

கேள்வி: என் 10 கி.மீ. பந்தய வேகம் கிலோமீட்டருக்கு 5.45 (5 நிமிடம் 45 வினாடி), ஈஸி ஓட்டம் 6.00. வாரம் 50 ஓடியும் நேரம் நகரவே இல்லை.

பதில்: நீங்கள் ஈஸி என்று சொல்வது உண்மையில் டெம்போ, அதாவது கொஞ்சம் சிரமப்பட்டுத் தாக்குப்பிடிக்கும் வேகம்! தினமும் அதையே ஓடினால் கடினமான நாளில் கால் எழாது. ஈஸி என்றால் உங்களுக்கு 6.45 முதல் 7.15. முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். வார நேரத்தில் ஐந்தில் நான்கு பங்கு இப்படிப் போகட்டும். மீதியில் ஒரு நாள் 1,000 மீட்டர் ஐந்து தடவை, பந்தய வேகத்தில், நடுவே 2 நிமிட மெல்லோட்டம். இன்னொரு நாள் 20 நிமிட டெம்போ, 5.55 அளவில். வாரம் 50ஏ போதும், கூட்ட வேண்டாம்.

கேள்வி: அண்ணா, வாரம் 65 ஓடுறேன். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் ஒரே இடத்தில் வலி. மூணு மாசமா பீரியட்ஸும் வரலை. பாதியாக் குறைச்சா சரியாகிடுமா?

பதில்: இல்லை. இன்றே ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள், இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். விரல் நுனியால் தொட்டுக் காட்டக்கூடிய வலி, ஒற்றைக்காலில் குதித்தால் அதிகமாகும் வலி, இரவிலும் விடாத வலி என்றால் எலும்பில் கீறலாக இருக்கலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம், எம்ஆர்ஐயில் தெரியும். மாதவிடாய் நின்றதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் ஓட்டத்துக்கு ஏற்ற அளவு சாப்பிடவில்லை என்பது ஓடுபவர்களிடம் அடிக்கடி பார்க்கும் காரணம். அப்போது ஈஸ்ட்ரோஜன் குறைந்து எலும்பும் இளைக்கும். தட்டில் இருக்கும் குறையைக் கிலோமீட்டரைக் குறைத்து மட்டும் ஈடுகட்ட முடியாது.

கேள்வி: காய்ச்சலில் இரண்டு வாரம் போச்சு. விட்ட கி.மீ.யை எப்படிச் சேர்ப்பது?

பதில்: சேர்க்கக் கூடாது. காய்ச்சல் முழுக்க விட்ட பிறகு முதல் வாரம் பழைய அளவில் பாதி, அடுத்தது முக்கால், மூன்றாவதில் முழுசு.

கேள்வி: சைக்கிள் ஓட்டியதை வாரக் கணக்கில் சேர்க்கலாமா?

பதில்: இதயத்துக்குச் சேரும், நிமிடமாக எழுதி வையுங்கள். தரையில் கால் மோதிப் பழகுவது அதில் இல்லை.

கேள்வி: மாரத்தானுக்கு முன் எப்போது குறைக்கத் தொடங்குவது? உச்சம் 80.

பதில்: கடைசி 30 கி.மீ. ஓட்டம் மூன்று வாரம் முன்பே முடிந்திருக்க வேண்டும். அதன்பின் 60, 45, பந்தய வாரத்தில் பந்தயம் நீங்கலாக 20. தூரம்தான் குறைய வேண்டும், வேகமல்ல. 1,000 மீட்டர் ஐந்து தடவை ஓடியவர் அதே வேகத்தில் மூன்று ஓடினால் போதும். கால் கனக்கிற மாதிரி, புதிதாக ஏதோ வலிக்கிற மாதிரி இருக்கும். அந்தப் பயத்தில் பத்து நாள் இருக்கும்போது இன்னொரு 30 ஓடிப் பார்ப்பார்கள். அந்தக் களைப்பு பந்தயத்தன்று 32ஆவது கி.மீ.யில் வந்து நிற்கும்.