தாத்தாவின் வாகீஸ்வரியா, கிரவுன் கிராஃபிக்கா?

கேள்வி: என் தாத்தா ஸ்டூடியோ வைத்திருந்தார். அவருடைய ஹாஃப் பிளேட் வாகீஸ்வரி கேமரா இன்னும் வீட்டில் இருக்கிறது. டிசம்பரில் ஹம்பி, பாதாமி போகிறேன். பெரிய ஃபிலிமில் படம் எடுக்க ஆசை. இதையே கொண்டு போகட்டுமா, இல்லை 4×5 அங்குலத் தாள் ஃபிலிம் போடும் பழைய கேமரா ஒன்று வாங்கட்டுமா? லின்ஹாஃப், கிரவுன் கிராஃபிக் என்று இரண்டு பெயர் சொல்கிறார்கள்.
- வாசகர், காரைக்குடி

பதில்: முதலில் ஒன்று. வாகீஸ்வரியை யார் கேட்டாலும் கொடுத்துவிடாதீர்கள். ஆலப்புழையில் மரத்தில் இழைத்துச் செய்த கேமரா அது. நான் தொழில் பழகியதும் அதில்தான். வீட்டில் வைத்து அம்மா அப்பாவை ஒரு படம் எடுங்கள், அதற்கு அதைவிட நல்ல கேமரா இல்லை. பயணத்துக்கு மட்டும் வேண்டாம். ஹாஃப் பிளேட் என்றால் 4¾க்கு 6½ அங்குலம். அந்த அளவு ஃபிலிம் இன்று எளிதில் கிடைப்பதில்லை. அப்புறம், ஸ்டாண்டு இல்லாமல் அதில் ஒரு படம்கூட எடுக்க முடியாது.

ஹம்பியில் இதுதான் பெரிய சிக்கல். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் இடங்களில் டிரைபாட் வைக்க முன் அனுமதி வேண்டும். நான் முதல் தடவை அனுமதி வாங்காமல் போய்விட்டேன். விட்டலர் கோயில் கல் தேருக்கு முன்னால் டிரைபாடின் மூன்றாவது காலை நீட்டுவதற்குள் காவலர் வந்து மடிக்கச் சொன்னார். அன்று என்னைக் காப்பாற்றியது கிரவுன் கிராஃபிக். இடது பக்கத் தோல் வாரில் கையை நுழைத்து, ஃபோகஸ் பார்க்கும் ரேஞ்ச்ஃபைண்டரில் தேர்ச் சக்கரத்தின் இரட்டை உருவம் ஒன்றாகச் சேரும்வரை நகர்த்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினேன். ஹெச்பி5 ஃபிலிம், எஃப் 16, 1/200. பிறகு அதை 16×20 அங்குலத்தில் பிரிண்ட் போட்டபோது, சக்கரத்தின் செதுக்கில் தங்கியிருந்த தூசிகூடத் தெரிந்தது.

கையில் பிடித்து எடுப்பதற்கென்றே பிறந்த கேமரா அது. அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரத்து கிராஃப்ளெக்ஸ் கம்பெனி, பத்திரிகைக்காரர்களுக்காகச் செய்தது. இரண்டாம் உலகப் போரில், 1945இல் ஜப்பானின் ஐவோ ஜிமா தீவு மலையில் அமெரிக்க வீரர்கள் கொடி நட்டதை ஜோ ரோசென்தால் எடுத்தது இதன் அண்ணனான ஸ்பீடு கிராஃபிக்கில். ஸ்பீடில் ஃபிலிமுக்கு முன்னால் இன்னொரு திரை ஷட்டர் உண்டு, அதனால் கனம் கூடுதல். 1947இல் வந்த கிரவுனில் அது கிடையாது. லென்ஸோடு சேர்த்து மூடினால் ஒரு சின்னப் பெட்டி, சுமார் இரண்டரைக் கிலோ. தோள்பையில் துண்டைச் சுற்றி வைத்துவிடலாம்.

லின்ஹாஃப் டெக்னிக்கா அருமையான கேமரா, மறுக்கவில்லை. பின்பக்கம் சுழலும், லென்ஸைப் பல விதமாகச் சாய்க்கலாம். கிரவுனில் பின்பக்கம் சுழலாது. கோபுரத்தை நெடுக்காக எடுக்க கேமராவையே பக்கவாட்டில் படுக்க வைக்க வேண்டும். நாள் முழுக்கக் கட்டடம் மட்டும் எடுப்பவர் லின்ஹாஃப் வாங்கட்டும். விலையும் எடையும் அதிகம். உங்களுக்குக் கிரவுன் போதும்.

வாங்கும்போது வெளி அழகைப் பார்க்காதீர்கள், லென்ஸுக்குப் பின்னால் துருத்தி மாதிரி மடிந்திருக்கும் பெல்லோஸைப் பாருங்கள். இருட்டறையில் பெல்லோஸை முழுக்க நீட்டி, உள்ளே டார்ச்சை விட்டு, மடிப்பு மூலைகளை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் நான் ஒன்று வாங்கி, பாதாமி ஏரிக்கரையில் எடுத்த எட்டு படத்திலும் வெள்ளைப் புகை படிந்துபோனது. குண்டூசி நுழையாத ஓட்டை ஒன்றுதான் காரணம். ஷட்டரை ஒரு செகண்டில் வைத்துக் காதருகே பிடியுங்கள். எண்ணெய் காய்ந்திருந்தால் நடுவில் இழுத்து நிற்கும். ரேஞ்ச்ஃபைண்டர் மேலே இருக்கும் மாடல் என்றால், உள்ளே ரேஞ்ச்ஃபைண்டரை லென்ஸோடு ஒத்துப்போக வைக்கும் கேம் என்ற சின்னத் தகடு உங்கள் லென்ஸுக்கு உரியதா என்று பாருங்கள். 135 எம்எம் லென்ஸுக்கு வேறு லென்ஸின் கேம் போட்டிருந்தால் எல்லாப் படமும் மங்கலாகத்தான் வரும். கிராஃப்லாக் பின்பக்கம் இருப்பதையே தேடுங்கள். தாள் ஃபிலிம் தீர்ந்தால் 120 ரோல் ஹோல்டரை மாட்டிக்கொள்ளலாம். பின்னால் ஃபோகஸ் பார்க்கும் கண்ணாடியில் கீறல் இருந்தால் பரவாயில்லை, மாற்றிவிடலாம்.

தாள் ஃபிலிம் போடும் ஹோல்டர் ஆறு எடுத்துப் போங்கள், ஒன்றுக்கு இரண்டாக 12 படம். ராத்திரி லாட்ஜில் கை வியர்வை அடங்கியபிறகு, இருட்டில் ஃபிலிமை மாற்றுங்கள். தாளை நெடுக்காகப் பிடித்து, அதன் ஓரத்தில் இருக்கும் அடையாள வெட்டு வலது கை மேல் மூலையில் தட்டுப்பட்டால், படம் பதியும் மருந்துப் பக்கம் உங்களைப் பார்த்திருக்கிறது, சரி.

கேள்வி: விமானத்தில் போனால் ஃபிலிமுக்கு ஆபத்தா?
- அதே வாசகர்

பதில்: லக்கேஜில் போடவே போடாதீர்கள், அங்கே எக்ஸ்ரே ஃபிலிமைக் கெடுத்துவிடும். கைப்பையில் வையுங்கள். சோதனை இடத்தில் புதிய சிடி (CT) ஸ்கேனர் இருந்தால் கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள், அதற்காக ஒரு மணி நேரம் முன்னதாகப் போங்கள். பெட்டியைத் திறந்து காட்டச் சொல்வார்கள். திறந்தால் மொத்தமும் போச்சு. பெட்டிமேல் ‘வெளிச்சம் படக்கூடாது’ என்று பெரிதாக எழுதி ஒட்டி, வெளிச்சம் புகாமல் உள்ளே கைவிட்டு ஃபிலிம் மாற்றும் சேஞ்சிங் பேக்கையும் கையோடு வைத்திருங்கள். அதற்குள் கைவிட்டுத் தடவிப் பார்க்கச் சொல்லலாம். இல்லையென்றால் ஹம்பிக்குப் பக்கத்து ஊரான ஹோசப்பேட்டைக்கு ரயிலில் போய்விடுங்கள், நான் அப்படித்தான் போகிறேன்.