கச்சான் காற்றும் கண்ணகை அம்மன் குளிர்த்தியும்

கேள்வி: அம்மாள் வருத்தத்தை உண்டாக்கும் கிருமியை நம் முன்னோர் அறிந்தே வேப்பிலையையும் குளிர்த்தியையும் ஏற்படுத்தினார்கள் என்று கோயிலில் ஒருவர் பேசினார். இது உண்மையா?
— உயர்தர வகுப்பு மாணவி, தம்பிலுவில்

பதில்: இல்லை, மகளே. அம்மாள் வருத்தம் என்று நாம் சொல்லும் கொப்பளிப்பானின் வைரஸ் எப்படி இருக்கும் என்பது இலத்திரன் நுணுக்குக்காட்டி வந்த பிறகே தெரிந்தது. முன்னோருக்கு அவர்கள் செய்யாத கண்டுபிடிப்பைச் சூட்டினால், அவர்கள் உண்மையில் அறிந்திருந்தது மறைந்துபோகும். அவர்கள் நன்றாக அறிந்திருந்தது நம் மண்ணின் காற்றை.

மதுரையை எரித்த கண்ணகியின் சினம் தணியவேண்டும். அதற்காக அம்மனைக் குளிர்விக்கும் சடங்கே குளிர்த்தி; நம் ஊர்கள் அதற்குத் தேர்ந்த மாதம் வைகாசி. அப்போதுதான் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்குகிறது. மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டியபடி ஏறும் காற்று மெதுவாகவே குளிர்கிறது. ஈரத்தை இழந்து நம் பக்கம் இறங்கும்போதோ ஒவ்வொரு 1000 மீற்றருக்கும் ஏறத்தாழ 10 பாகை சூடேறுகிறது. ஏறும்போது இழந்ததைவிட இறங்கும்போது பெறுவது அதிகம். அதுதான் கச்சான். ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் இதே வகைக் காற்றை ஃபோன் என்கிறார்கள். ஐப்பசி முதல் தை வரை வெள்ளத்தில் நிற்கும் மட்டக்களப்பும் அம்பாறையும் இந்த மாதங்களில் காய்ந்து வெடிக்கின்றன. கோபத்தில் கொதிக்கும் தெய்வத்துக்கு இதைவிடப் பொருத்தமான காலம் வேறு எது?

புவியியல் படிப்பித்த காலத்தில் இரண்டு வெப்பமானிகளை முற்றத்தில் தொங்கவிடுவேன். ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும். மார்கழி மழையில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்டும். கச்சான் வீசும் நாளில் ஈரத்துணி சுற்றியது விறுவிறுவென்று கீழே இறங்கும். பிள்ளைகள் நெருக்கியடித்துக்கொண்டு பார்ப்பார்கள். நீர் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. காற்று எவ்வளவு வறண்டதோ அவ்வளவு வேகமாக அது நடக்கும். குளிர்த்திப் பாடல் முடிந்து வேப்பிலை தோய்ந்த நீர் உங்கள் முகத்தில் தெறிக்கும்போது உடல் சிலிர்க்கிறதே, அங்கே நடப்பதும் இதுதான். அந்த நீர் நோயை ஒழிக்கும் என்று நான் சொல்லமாட்டேன்; உடலைக் குளிர்விக்கும் என்று உறுதியாகச் சொல்வேன்.

வாசலில் செருகும் வேப்பிலையின் பயன் வேறு. ‘உள்ளே நோயாளி இருக்கிறார், வராதீர்கள்’ என்று அது ஊருக்குச் சொல்கிறது. கொப்பளிப்பான் காற்றிலும் பரவும். கொப்புளம் தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்து, எல்லாக் கொப்புளங்களும் பொருக்குத் தட்டும்வரை தொற்றும். ஆகவே விலகியிருக்கும் வழக்கம் மிக நல்லது. ஆனால் கர்ப்பிணிக்கோ வளர்ந்தவருக்கோ வந்தால் வேப்பிலையோடு நின்றுவிடாதீர்கள். அன்றே வைத்தியரிடம் செல்லுங்கள்.

கேள்வி: பாண்டிருப்பு திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பில் கால் சுடாமல் இருப்பது பக்தியாலா, பௌதிகத்தாலா?
— கல்முனை வாசகர்

பதில்: பௌதிகத்தால். விறகுத் தணல் வெப்பத்தை மெதுவாகவே கடத்தும். பாதம் அதன்மேல் படுவதோ ஒரு கணம்தான். அதே சூட்டில் இரும்புத் தகட்டை விரித்தால் எந்த அடியாரும் தப்பமுடியாது. தணலிலும் தயங்கி நின்றால் சுடும்.

பக்தியை வேறிடத்தில் தேடுங்கள், தம்பி. ஸ்பெயினில் சான் பெத்ரோ மன்ரிக்கே என்ற ஊரிலும் தீமிதிப்பு உண்டு. அங்கே மிதித்தவர்களின் இதயத் துடிப்பையும் பார்த்து நின்றவர்களின் துடிப்பையும் அளந்து 2011இல் ஓர் ஆய்வு வெளியானது. மிதித்தவரின் துடிப்போடு அவருடைய உறவினர், நண்பர்களின் துடிப்பும் ஒத்துப்போனது; அந்நியர்களின் துடிப்பு ஒத்துப்போகவில்லை. மொரீசியஸ் தமிழரின் தைப்பூசக் காவடியைப் பற்றி 2013இல் வந்த ஆய்வில், வலி மிகுந்த காவடியை எடுத்தவர்கள் மட்டுமல்ல, கூடவே நடந்தவர்களும், வெறும் கூட்டுவழிபாட்டில் கலந்துகொண்டவர்களைவிட அதிகமாகத் தானம் கொடுத்தார்கள். பாண்டிருப்பில் குழியருகே கைகூப்பி நிற்கும் தாய்மாரையும் யாராவது இப்படி அளந்து பார்க்கவேண்டும் என்பது என் ஆசை. கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்கள் இதைப் படித்தால், அடுத்த தீமிதிப்புக்கு முன் கோயில் நிர்வாகத்திடம் அனுமதி கேளுங்கள்.