சொன்ன நாள்ல போய் நில்லுங்க: வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே விஷயம்தான். கஷ்டத்துல இருக்கிற குடும்பங்களுக்கு உதவுற தொண்டு நிறுவனங்கள்ல வேலைக்கு சேர்றது, இல்லன்னா வாலண்டியரா போறது. நான் 14 வருஷமா இதே வேலையில இருக்கேன், முதல் 3 வருஷம் வாலண்டியரா, அப்புறம் சம்பளத்துக்கு. எனக்குத் தெரிஞ்சதை, நான் செஞ்சு பாத்ததை வச்சு சொல்றேன்.

அக்கா, எனக்கு 23 வயசு, பி.காம் முடிச்சிருக்கேன். குடும்பங்களுக்கு உதவுற நிறுவனத்துல வேலை செய்யணும்னு ஆசை. சோஷியல் வொர்க் படிக்காம சேர முடியுமா? "ஓசில வேலை வாங்கிட்டு அனுப்பிடுவாங்க, தொண்டு பண்ண போறவனுக்கு சம்பளம் எதுக்கு"ன்னு வீட்ல சொல்றாங்க.
*வேலை தேடும் தம்பி*

சேரலாம் தம்பி. ஒரு குடும்பத்தோட பொறுப்பையே கையில எடுக்கிற கேஸ் வொர்க்கர், கவுன்சிலர் மாதிரி வேலைக்கு அதுக்குன்னு படிப்பு கேப்பாங்க, கேக்கத்தான் வேணும். ஆனா அது மட்டும் ஒரு நிறுவனம் இல்ல. கணக்கு எழுதணும், வந்த பொருளை ஸ்டாக் பாக்கணும், உதவித்தொகைக்கு விண்ணப்பம் நிரப்பிக் குடுக்கணும், நன்கொடை குடுத்தவங்களுக்கு பணம் எங்க போச்சுன்னு ரிப்போர்ட் போடணும், இதுக்கெல்லாம் உங்க படிப்புக்காரங்களைத்தான் தேடுவாங்க. முதல்ல ஒரு ஆறு மாசம், வாரத்துல ஒரு நாள் வாலண்டியரா போங்க, அந்த இடம் எப்படிப்பட்டதுன்னு உங்களுக்கும் தெரியும், நீங்க எப்படின்னு அவங்களுக்கும் தெரியும்.

சேர்றதுக்கு முன்னாடி இதெல்லாம் வாய்விட்டுக் கேளுங்க: பயிற்சி உண்டா, எனக்கு ஒரு சந்தேகம் வந்தா யார்கிட்ட கேக்கணும், போக்குவரத்து செலவு குடுப்பீங்களா, சின்னப் பிள்ளைங்க இருக்கிற வீட்டுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி என்னைப் பத்தி விசாரிப்பீங்களா. கடைசி கேள்விக்கு "அதெல்லாம் வேணாம் தம்பி, நாளைக்கே வாங்க"ன்னு சொன்னா அந்த இடம் வேண்டாம். உங்களை விசாரிக்காம அனுப்புறவங்க வேற யாரையும் அப்படியேதான் அனுப்புவாங்க.

சம்பளம் வாங்குறதுல வெக்கப்பட ஒண்ணுமே இல்ல. வீட்டு வாடகை கட்ட முடியாதவங்களுக்காக உழைக்கிற ஆளு தன் வீட்டு வாடகையை கட்ட முடியாம நின்னா ஒரு வருஷத்துல அவரும் ஓடிடுவாரு, அப்புறம் புதுசா வர்றவர்கிட்ட அந்தக் குடும்பம் தன் கதையை முதல்ல இருந்து சொல்லணும். ஒரே கதையை நாலு பேர்கிட்ட சொன்ன ஒரு அம்மா, அஞ்சாவதா போன என்கிட்ட பேசவே மாட்டேன்னுட்டாங்க.

இன்னொண்ணு. அமெரிக்காவுல பீனிக்ஸ் நகரத்துல ஜான் வான் ஹெங்கல்னு ஒருத்தர், ஏழைகளுக்கு சாப்பாடு போடுற இடத்துல வாலண்டியரா இருந்தாரு. கணவர் ஜெயில்ல, வீடு நிறைய பிள்ளைங்கன்னு இருந்த ஒரு அம்மா, கடைங்க தூக்கிப்போடுற நல்ல உணவை எடுத்துத்தான் பிள்ளைங்களை வளக்கிறேன், பணத்துக்கு பேங்க் இருக்கிற மாதிரி உணவுக்கும் ஒண்ணு இருந்தா நல்லாருக்கும்னு அவர்கிட்ட சொன்னாங்க. அதை வச்சு அவர் 1967ல ஆரம்பிச்சதுதான் உலகத்தோட முதல் உணவு வங்கி. யோசனை அந்த அம்மாவோடது, அவர் செஞ்சது காது குடுத்து கேட்டது, கேட்டதை விடாம செஞ்சது. இது ரெண்டும் உங்களுக்கு வந்தா டிகிரி எதுவா இருந்தாலும் பரவாயில்ல தம்பி.

வாரத்துல ஒரு நாள் ஒரு குடும்பத்தைப் பாக்கப் போறேன் அக்கா. கணவர் விட்டுட்டுப் போயிட்டாரு, 3 பிள்ளைங்க. ஒரு தடவை மனசு கேக்காம என் கைக்காசைக் குடுத்துட்டேன். இப்ப அவங்க போன் வந்தாலே எடுக்க பயமா இருக்கு, எடுக்கலன்னா தூக்கம் வரல.
*பெயர் வெளியிட விரும்பாத தங்கச்சி*

நீங்க இரக்கப்பட்டது தப்பே இல்லம்மா. ஆனா கைக்காசு ரெண்டு பேருக்கும் நடுவுல என்ன பண்ணுதுன்னு பாருங்க. அதுவரைக்கும் உங்ககிட்ட மனசு விட்டுப் பேசினவங்க அன்னைலேர்ந்து உங்களுக்கு கடன்பட்டவங்க ஆயிட்டாங்க. நீங்க வர்றீங்கன்னா வீட்டை அவசர அவசரமா ஒதுக்கி வைப்பாங்க, உங்களுக்குப் பிடிக்காததை சொல்ல யோசிப்பாங்க, "அந்த வேலைக்கு போகல"ன்னு சொன்னா கோச்சுக்குவீங்களோன்னு போனேன்னு சொல்லுவாங்க. அதனாலதான் நல்ல நிறுவனங்க வாலண்டியர் கையால பணம் போகக்கூடாதுன்னு விதி வச்சிருக்கு, அது கஞ்சத்தனம் இல்ல.

இன்னைக்கே உங்க கோஆர்டினேட்டர்கிட்ட நடந்ததை சொல்லிடுங்க. திட்டு விழுந்தாலும் பரவாயில்ல, மறைச்சு வச்சா அது வளரும். அடுத்து அந்த அக்காகிட்ட நேர்ல, போன்ல இல்ல, இப்படி சொல்லுங்க: "அன்னைக்கு குடுத்ததை நீங்க திருப்பித் தர வேணாம், அதை நான் மறந்துட்டேன். இனிமே பணம் என் கையால வராது, அதுக்கு ஆபீஸ்ல அவசர உதவி இருக்கான்னு கேட்டு வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்றேன்." வெள்ளிக்கிழமை கண்டிப்பா சொல்லுங்க, பதில் "இல்ல"ன்னாலும் சொல்லுங்க.

இதை நான் அழுத்தி சொல்றதுக்கு காரணம் இருக்கு. நான் சேர்ந்த ரெண்டாவது வருஷம் ஒரு வீட்ல "ஸ்கூல் திறக்கிறதுக்குள்ள பீஸ் விஷயத்தை முடிச்சிடலாம்"னு வாய் தவறி சொல்லிட்டேன், அந்தப் பொண்ணு முகம் மலர்ந்ததைப் பாத்து வந்த வார்த்தை அது. ஆபீஸ்ல கேட்டா அதுக்கு நிதியே இல்லன்னாங்க. அதைப் போய் சொல்ல எனக்கு வாய் வரல, மூணு வாரம் அந்தப் பக்கமே போகல. நாலாவது வாரம் போனப்ப அந்த அம்மா கேட்டது பணத்தைப் பத்தி இல்ல, "முன்னாடியே சொல்லியிருந்தா நான் வேற யார்கிட்டயாவது கேட்டிருப்பேனே, நீங்க வருவீங்கன்னு உக்காந்திருந்துட்டேன்"னாங்க. மூணு வாரம்! அவங்களால இன்னொரு வழி தேடியிருக்க முடிஞ்ச மூணு வாரத்தை நான் எடுத்துக்கிட்டேன். இன்னைக்கும் அந்த வாசப்படி எனக்கு ஞாபகம் இருக்கு.

பணம் இல்லாம வெறுங்கையோட போய் என்ன பண்றதுன்னு கேப்பீங்க. 1973ல இங்கிலாந்துல லெஸ்டர் நகரத்துல மார்கரெட் ஹாரிசன்னு ஒரு அம்மா ஹோம் ஸ்டார்ட்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, கைக்குழந்தை சின்னக்குழந்தை வச்சுக்கிட்டு திணறுற வீட்டுக்கு, பிள்ளை வளத்து அனுபவம் இருக்கிற இன்னொருத்தர் வாரத்துல சில மணி நேரம் போய் இருக்கிறது, அவ்வளவுதான் அதோட அடிப்படை. அது இன்னும் நடக்குது. நீங்களும் போய் உக்காருங்க, குழந்தையை மடியில வாங்கிக்கோங்க, அவங்க ஒரு தடவை நிம்மதியா குளிச்சிட்டு வரட்டும். அப்புறம் ஒரு பேப்பர் எடுத்து யாருக்கு எவ்வளவு குடுக்கணும், எந்தத் தேதிக்குன்னு அவங்களையே எழுத சொல்லுங்க, வீடு போயிடும் கரண்ட் போயிடும்ங்கிற மாதிரி கடனை மேல கொண்டு வாங்க. பாதி இடத்துல தவணை தேதிக்கு முன்னாடியே போன் பண்ணி "இந்த மாசம் முடியல, பிரிச்சுக் கட்டுறேன்"னு கேட்டா ஒத்துக்குவாங்க. அந்த போனைப் பண்ணத்தான் தனியா தைரியம் வராது, பக்கத்துல நீங்க இருந்தா வரும்.

மேடம், கணக்காளரா இருந்து ஓய்வு பெற்றவன், 64 வயசு. முட்டி வலி, படி ஏற முடியாது, புது ஆட்களோட பேசவும் வராது. என்னால பிரயோஜனம் உண்டா?
*ஓய்வு பெற்ற ஒரு வாசகர்*

ஐயா, உங்களை மாதிரி ஒருத்தர் வர மாட்டாரான்னு சின்ன நிறுவனங்க காத்துக்கிட்டு இருக்கு. தணிக்கைக்கு கணக்கு சரியா இல்லாம வந்த நிதி நின்னு போன இடங்களை நான் பாத்திருக்கேன், அப்ப உதவி நின்னது குடும்பங்களுக்குத்தான். வாரத்துல ரெண்டு நாள் காலைல மட்டும்னு சொல்லிப் போங்க, கீழ்தளத்துல உக்கார இடம் கேட்டு வாங்கிக்கோங்க.

நாங்க உதவப் போன வீட்ல எல்லார் கையிலயும் நல்ல ஸ்மார்ட்போன் இருந்துச்சு. பிறந்தநாளுக்கு கேக் வேற வெட்டியிருக்காங்க. இவங்க நிஜமாவே கஷ்டப்படுறவங்களா? ஏமாந்துட்டோமான்னு தோணுது.
*குழப்பத்தில் ஒரு வாலண்டியர்*

இந்தக் கேள்வியை எழுத தைரியம் வேணும், நிறைய பேர் மனசுக்குள்ள கேட்டுக்கிட்டு அப்படியே நின்னுடுறாங்க. போன் இல்லாம இன்னைக்கு கூலி வேலை கிடைக்காது, உதவிக்கு விண்ணப்பம் போட முடியாது, பிள்ளைங்க ஸ்கூல்லேர்ந்து வர்ற செய்தி தெரியாது. நிறைய வீட்ல அந்த போன் நல்லா இருந்த காலத்துல வாங்கினது, இல்லன்னா தவணை போய்க்கிட்டு இருக்கும். கேக்... அவங்க பிள்ளைக்கும் வருஷத்துல ஒரு நாள்தான் பிறந்தநாள் வருது, அந்த ஒரு நாளாவது பிள்ளைக்கு கஷ்டம் தெரியக்கூடாதுன்னு நினைக்கிற அம்மாவை நான் தப்பு சொல்ல மாட்டேன்.

அப்படியே அவங்க எடுத்த முடிவு தப்புன்னே வச்சுக்குவோம். 2013ல சயின்ஸ் பத்திரிகையில ஒரு ஆய்வு வந்துச்சு, நம்ம தமிழ்நாட்டு கரும்பு விவசாயிங்களை வச்சு பண்ணது. அறுவடைக்கு முன்னாடி கையில காசு இல்லாதப்பவும், அறுவடை முடிஞ்சு காசு வந்தப்பவும், அதே ஆட்களுக்கே யோசிக்கிற திறனுக்கான டெஸ்ட் வச்சாங்க. காசு இல்லாதப்ப மார்க் குறைஞ்சுது, வந்தப்புறம் ஏறுச்சு. ஆளு அதே ஆளுதான், நாளைக்கு என்ன பண்றதுங்கிற கவலை மூளையில இடத்தை அடைச்சுக்குது. நீங்களும் நானும் அந்த வீட்ல இருந்தா இதே மாதிரிதான் தடுமாறுவோம்.

ஏமாத்துறவங்க இல்லவே இல்லன்னு சொல்லல, இருக்காங்க. அதைக் கண்டுபிடிக்க ஆபீஸ்ல ஒரு முறை இருக்கும், அது அவங்க வேலை, வாசல்ல நின்னு போனை எடை போடுறது உங்க வேலை இல்ல.

பொருள் குடுக்கிற அன்னைக்கு ஒவ்வொரு குடும்பத்தையும் போட்டோ எடுத்துப் போட சொல்றாங்க, நன்கொடையாளருக்கு ஆதாரம் வேணுமாம். எனக்கு ஒரு மாதிரியா இருக்கு. மறுக்கலாமா?
*கல்லூரி மாணவி*

மறுக்கலாம்மா, மறுக்கணும். கையில பையைப் பிடிச்சுக்கிட்டு "போட்டோ எடுத்துக்கலாமா"ன்னு கேட்டா அது கேள்வியே இல்ல, வேணாம்னு சொன்னா பை போயிடுமோன்னு அவங்க தலையாட்டுவாங்க. அந்தப் படத்தைப் பையனோட கிளாஸ்ல யாராவது பாத்தா அவன் நாளைக்கு ஸ்கூலுக்குப் போவானான்னு யோசிங்க. 1994லேயே செஞ்சிலுவை இயக்கமும் பெரிய தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து பேரிடர் உதவிக்கு 10 நெறிகள் எழுதினாங்க, அதுல கடைசி நெறியே விளம்பரத்துல மக்களை கதியத்தவங்களா காட்டாம மரியாதையுள்ள மனுஷங்களா காட்டணும்ங்கிறதுதான். உங்க பொறுப்பாளர்கிட்ட இதைச் சொல்லலாம். ஆதாரம் வேணும்னா பில், கையெழுத்துப் போட்ட ரசீது, அடுக்கி வச்ச பொருளோட படம் எல்லாம் இருக்கு.

பாரிஸ் பக்கத்துல நுவாசி லெ கிராண்ட்னு ஒரு இடத்துல வீடில்லாத குடும்பங்களோட முகாம் இருந்துச்சு. 1956ல அங்க ஜோசப் ரெசின்ஸ்கின்னு ஒரு பாதிரியார் போனாரு, அவரே பரம ஏழை வீட்ல வளந்தவர். அவர் அங்க நடந்த சூப் விநியோகத்தை நிறுத்திட்டு, அந்த குடும்பங்களோட சேர்ந்து நூலகமும் சின்னப் பிள்ளைங்களுக்கு பள்ளியும் ஆரம்பிச்சாரு. வரிசையில கையேந்தி நிக்கிறது மனுஷனை என்ன பண்ணும்னு அவருக்கு சின்ன வயசுலேயே தெரியும். எல்லாரும் விநியோகத்தை நிறுத்திடுங்கன்னு நான் சொல்லல, பசிக்கு முதல்ல சாப்பாடுதான் வேணும். ஆனா குடுக்கிற விதத்தை மாத்தலாம், வரிசைக்கு பதிலா நேரம் குறிச்சு ஒவ்வொருத்தரா வர சொல்லலாம், என்ன வேணும்னு அவங்களையே எடுத்துக்க சொல்லலாம்.

டியூஷன் சொல்லிக்குடுக்கப் போற இடத்துல 10 வயசுப் பையன் "ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க"ன்னு கேக்குறான். கையில தழும்பு இருக்கு. என்ன பண்ணட்டும்?
*கவலையில் ஒருவர்*

சத்தியம் பண்ணாதீங்க. "நீ என்கிட்ட சொல்லலாம், ஆனா உன்னைப் பாத்துக்க வேண்டிய ஒருத்தர்கிட்ட நான் சொல்ல வேண்டி வரும், அவங்களைத் தவிர வேற யாருக்கும் தெரியாது"ன்னு சொல்லுங்க. அவன் சொன்னா குறுக்குக் கேள்வி கேக்காம கேளுங்க, அவன் வார்த்தையிலேயே தேதி போட்டு எழுதி வைங்க, குழந்தைப் பாதுகாப்புக்கு பொறுப்பானவர்கிட்ட அன்னைக்கே குடுங்க. வாயே திறக்கலன்னாலும் நீங்க பாத்த தழும்பை அப்படியே எழுதிக் குடுத்துடுங்க. நீங்களா அவங்க வீட்டுக்குப் போய் விசாரிக்காதீங்க, அன்னைக்கு ராத்திரி அடி விழுறது அவனுக்குத்தான். இந்த மாசம் உடனே பதில் வேண்டியது உங்க கேள்விதான், பத்திரிகை வர்ற வரைக்கும் காத்திருக்க மாட்டீங்கன்னு நம்புறேன்.

ரெண்டு வருஷமா ஒரு குடும்பத்துக்குப் போய்க்கிட்டு இருக்கேன். அம்மாவுக்கு உடம்பு முடியல, இனிமே முடியாது. எப்படி சொல்லிட்டு வர்றது? பேசாம நின்னுடலாமான்னு இருக்கு.
*ஒரு அண்ணன்*

பேசாம மட்டும் நின்னுடாதீங்கண்ணா. நாம போற வீடுகள்ல பல இடத்துல ஏற்கனவே யாரோ சொல்லாம போயிருக்காங்க, அதனாலதான் நிறைய பேருக்கு இந்த நிலைமையே. ஆபீஸ்ல சொல்லிட்டு இன்னும் மூணு தடவை போவேன்னு தேதி குறிச்சுக்கோங்க. முதல் தடவை விஷயத்தை சொல்லுங்க, பெரியவங்ககிட்ட தனியா, பிள்ளைங்ககிட்ட தனியா, உங்க அம்மாவைப் பாத்துக்கணும்னு உள்ளதையே சொல்லலாம், "உன்னால இல்ல"ன்னு பிள்ளைகிட்ட வாய்விட்டு சொல்லுங்க, இல்லன்னா அது தன் மேல பழி போட்டுக்கும். ரெண்டாவது தடவை புதுசா வர்றவரைக் கூட்டிட்டுப் போங்க. மூணாவது தடவை சும்மா உக்காந்து பேசிட்டு வாங்க, நீங்க வந்த முதல் நாள் எப்படி இருந்துச்சுன்னு அவங்களைக் கேளுங்க. அப்புறமா எப்பவாவது வருவேன்னு சொல்லணும்னு வாய் வரும். உறுதியா தெரியலன்னா அதைச் சொல்லாதீங்க.