காலை விறைப்பும் அடலிமுமாப் ஊசியும்

வணக்கம் சகோதரி. ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸுக்கு (முதுகெலும்பு மூட்டுகளில் அழற்சி வந்து விறைத்துப்போகும் நோய்) மாத்திரை பலன் தராததால், டாக்டர் அடலிமுமாப் ஊசி சொல்லியிருக்கிறார், பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் இதே நோய்தான். காலையில் குனிய முடியாமல் நிற்பேன். செருப்பு வாரை என் மகள்தான் மாட்டிவிடுவாள். நானும் பயந்து ஒரு வருடம் தள்ளிப்போட்டேன், அது தப்பு.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 40 மி.கி., தோலுக்கு அடியில் போடுவார்கள். அதற்கு முன் காசநோய்ப் பரிசோதனையைக் கட்டாயம் முடித்துவிடுங்கள். உள்ளே உறங்கும் கிருமியை இந்த மருந்து எழுப்பிவிடலாம். நோயை அடியோடு போக்காது, அழற்சியை அடக்கும். எனக்கு மூன்றாம் மாதத்தில் 2 மணி நேர விறைப்பு 20 நிமிடமானது. அப்புறம், வலிக்கிறதே என்று படுத்தே இருக்காதீர்கள். இந்த வலி அசைந்தால்தான் இளகும். வெந்நீரில் குளித்துவிட்டுக் கொஞ்சம் நடங்கள். பரிசோதனை முடிவு வந்ததும் எழுதுங்கள், காத்திருக்கிறேன்.