டூயல் கிளட்ச் உள்ள பழைய ஸ்போர்ட்ஸ் ரக கார் வாங்கலாமா? டிராஃபிக்கில் ஏன் உதறுகிறது?

வாங்கலாம். நீங்கள் பார்ப்பது ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ போல, டிக்யூ250 என்ற ஆறு கியர் டூயல் கிளட்ச் கியர் பெட்டி உள்ள வண்டி என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். ஓட்டிப் பார்க்காமலே "டூயல் கிளட்சா, தொடாதே" என்று பதில் போடுகிறவர்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது.

டூயல் கிளட்ச் என்றால் ஒரே கூட்டுக்குள் இரண்டு மேனுவல் கியர் பெட்டிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கிளட்ச். 1, 3, 5, ரிவர்ஸ் ஒரு கிளட்சில். 2, 4, 6 மற்றதில். மூன்றில் ஓடும்போதே நான்கு தயாராகப் பொருந்தி நிற்கும். ஒரு கிளட்ச் விட விட மற்றது பிடிப்பதால் இழுவை அறுபடாது. 1980களில் போர்ஷே 956, 962 ரேஸ் கார்களில் இதைச் சோதித்ததற்கு முக்கியக் காரணமே டர்போ: ஆக்சிலரேட்டரை விடாமல் கியர் மாறினால் பூஸ்ட், அதாவது டர்போ தரும் காற்றழுத்தம், இறங்காது. போர்ஷேயின் சாலைக் காரான 911-க்கு அது வந்தது 2008-இல்தான். ஆனால் அடுத்த கியர் எது என்று பெட்டி போடும் கணிப்பு தப்பினால் கியர் மாறும் வேகம் போய்விடும். 4-இலிருந்து 2-க்கு நேராகத் தாவ வழியில்லை, இரண்டும் ஒரே கிளட்சில் இருக்கின்றன.

2017 எம்5 காரில் பிஎம்டபிள்யூ டூயல் கிளட்சை விட்டு டார்க் கன்வெர்ட்டருக்கு (கிளட்சுக்குப் பதில் ஆயில் வழியாக இழுவையைக் கடத்தும் வழக்கமான ஆட்டோமேட்டிக்) திரும்பியதே என்று கேட்பீர்கள். உண்மைதான், கன்வெர்ட்டர் பெட்டிகளும் இப்போது வேகமாகிவிட்டன, ஊர்ந்து போகும்போது அவைதான் மென்மை. ஆனால் 2020 செவர்லே கார்வெட் சி8 ஸ்போர்ட்ஸ் கார் டூயல் கிளட்ச் மட்டுமே வைத்து வந்தது.

உதறலுக்கு வருவோம். இங்கே கன்வெர்ட்டர் இல்லை, ஊர்வதற்குக் கிளட்சே வழுக்க வேண்டும். வழுக்கினால் சூடு. மேட்டில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து வண்டியைப் பிடித்து நிறுத்தாதீர்கள், பிரேக்கை மிதியுங்கள். முன்னால் ஒரு கார் நீளம் இடம் விழுந்த பிறகு நகருங்கள்.

டிக்யூ250-இல் இருப்பது ஈரக் கிளட்ச், அதாவது ஆயிலில் நனைந்தே ஓடுவது. சூட்டை ஆயில்தான் எடுத்துப் போகிறது. அதனால்தான் 60,000 கி.மீ.க்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்றச் சொல்கிறார்கள். "ஆயுளுக்கும் ஒரே ஆயில், ஒன்றும் செய்ய வேண்டாம்" என்று வாய் கூசாமல் சொல்லும் விற்பனையாளர்கள் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. இன்னொன்று: வடிகால் திருகைக் கழற்றினால் கொஞ்சம்தான் ஒழுகும். உள்ளே 8 மி.மீ. ஆலன் சாவியில் கழலும் பிளாஸ்டிக் குழாய் ஒன்று இருக்கிறது. அதையும் எடுத்தால்தான் ஐந்து லிட்டர் அளவுக்கு வடியும். இது தெரியாமல் பாதி மாற்றிவிட்டு முழுக் காசு வாங்குகிற இடங்கள் உண்டு, பக்கத்தில் நின்று பாருங்கள். பழையபடி குழாயைப் பொருத்தி, நிரப்பி, என்ஜின் ஓட, ஆயில் 35–45 டிகிரியில் இருக்கும்போது அளவு பார்க்க வேண்டும். சூடேறிய ஆயிலில் பார்த்தால் அது விரிந்து அந்தக் குழாய் வழியே வழிந்துவிடும், உள்ளே குறைவாகத்தான் நிற்கும்.

வாங்கும் முன் நன்றாகச் சூடேற்றி ஓட்டுங்கள். லேசான மேட்டில் முன்னாலும் ரிவர்ஸிலும் மெதுவாக ஏற்றிப் பாருங்கள். இரண்டிலும் நடுங்கினால் ஒற்றைப்படை கிளட்சைச் சந்தேகியுங்கள். கிளம்பும்போது சுத்தமாக இருந்து, இரண்டாவது விழும்போது மட்டும் உதைத்தால் மற்றதைப் பாருங்கள்.