ஃபீல் பண்ணுவதும் ஃபீலாவதும்

அன்புள்ள ஐயா,

கேரள எல்லையிலுள்ள கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் ஒரு பள்ளியில் தமிழும் ஆங்கிலமும் கற்பிக்கிறேன். ‘ஐ ஆம் ஃபீலிங் டயர்ட்’ என்று பிள்ளைகள் எழுதினால், ‘ஃபீல்’ அப்படி வராது என்று அடித்துவிடுகிறேன். சரிதானா? தமிழ்க் கட்டுரையில் ஒரு மாணவி ‘அம்மாவுக்கு ஃபீலாயிருச்சு’ என்று எழுதியிருந்தாள். மலையாள வாடை அடித்ததால் மதிப்பெண் குறைத்தேன். இந்த எல்லைத் தமிழை எப்படித் திருத்துவது?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

அடிக்காதீர்கள். உடல்நிலையையோ மனநிலையையோ சொல்லும்போது ‘ஐ ஃபீல் டயர்ட்’, ‘ஐ ஆம் ஃபீலிங் டயர்ட்’ இரண்டும் சரியான ஆங்கிலமே. ‘இப்படிக் கருதுகிறேன்’ என்னும் பொருளில் வரும்போதுதான் ‘ஃபீலிங்’ பொருந்தாது. நல்ல இலக்கண நூல் ஒன்றைப் புரட்டியிருந்தால் இதற்குக் கடிதமே தேவைப்பட்டிருக்காது. துணியைத் தொட்டுப் பார்ப்பது முதல் மகிழ்வது வரை அனைத்துக்கும் ஆங்கிலத்தில் பயன்படும் அந்தச் சொல், நம் பேச்சில் மனம் நோவதாக மட்டும் சுருங்கிவிட்டது, அதுவும் போகட்டும்.

அந்தப் பெண்ணுக்கு மதிப்பெண் குறைத்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சில காலமாக இதே வாக்கியத்தைத்தான் நான் மனத்தில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன்.

வேலந்தாவளத்தில் என் அத்தை வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் பெரிய மாமாவின் பெயர் விட்டுப்போய்விட்டது. அவர் வீட்டுப் பக்கமே வரவில்லை. கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த தம்பி, “மாமா சும்மா ஃபீல் பண்றார், விடுங்க” என்றான். பள்ளிக்கூடமே போகாத அத்தையோ, “மாமனுக்கு ஃபீலாயிருச்சு கண்ணு” என்று சொல்லி, வெற்றிலைபாக்குத் தட்டை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டிவிட்டார். ‘பண்றார்’ என்றால் அது அவர் செய்கிற வேலை. ‘பண்ணாதீர்கள்’ என்று சொல்லி நிறுத்திவிடலாம், குற்றமும் அவர் தலையில் விழும். ‘ஆயிருச்சு’ என்றால் அது அவருக்கு நேர்ந்தது. யாரால் நேர்ந்தது என்று கேட்டுக்கொண்டு ஒருவர் புறப்பட்டாக வேண்டும்.

தமிழ் நெடுங்காலமாக இப்படித்தான் பேசிவந்திருக்கிறது. எனக்குப் பசிக்கிறது, எனக்கு வலிக்கிறது, எனக்குப் பிடிக்கிறது, எனக்குக் கோபம் வருகிறது என நான்காம் வேற்றுமையை வைத்து, மனிதரை அனுபவத்தின் வாசலில் நிறுத்துகிறோம். மனிதரையே எழுவாயாக்கினாலும் வருத்தப்படுகிறேன், கவலைப்படுகிறேன், ஆசைப்படுகிறேன் என்று ‘படு’ சேர்க்கிறோம். வடமொழியிலிருந்து வந்த சந்தோஷத்தையும் அப்படித்தான் ‘பட்டோம்’. மலையாளத்தில் சங்கடப்பெடுக, தெலுங்கில் பாதபடு (வருத்தப்படு), பயபடு என்று அண்டை வீடுகளிலும் இதே ஏற்பாடுதான். ஆங்கிலச் சொல் வந்த பிறகும் மலையாளி ‘எனிக்கு ஃபீலாயி’ என்கிறார். ‘ஃபீல் செய்து’ என்று சொன்னாலும் அந்த ‘எனிக்கு’ மாறுவதில்லை. தெலுங்கர் ‘ஃபீலய்யாடு’, அதாவது ‘ஃபீல் ஆனான்’ என்கிறார். நாம் மட்டும் நம் நோவை நாமே செய்கிற காரியமாக்கி, ‘நான் ஃபீல் பண்றேன்’ என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறோம்.

அதற்காக, ஆங்கிலச் சொல்லோடு ‘பண்ணு’ சேர்த்துப் பேசுவதைப் ‘பண்ணித் தமிழ்’ என்று ஏளனம் செய்பவர்களோடு என்னைச் சேர்த்துவிடாதீர்கள். தேரையும் யானையையும் போருக்கு ஆயத்தப்படுத்துவதைச் சங்கப் பாடல்கள் ‘பண்ணுதல்’ என்றே சொல்கின்றன. போன் பண்ணுவதும் கேன்சல் பண்ணுவதும் நாம் செய்கிற செயல்கள்; அங்கே அந்தச் சொல் ஒழுங்காக வேலை செய்கிறது.

இப்போது சொல்லுங்கள், அம்மா. ‘அம்மாவுக்கு’ என்பதில் உள்ள ‘கு’ தொல்காப்பியர் சொன்ன உருபு, ‘ஆயிருச்சு’ கொங்குத் தமிழ், ‘ஃபீல்’ ஆங்கிலம். இதில் மலையாளம் எங்கே இருக்கிறது? அமைப்பு அங்கிருந்துதான் வந்தது என்றே வைத்துக்கொண்டாலும், நாம் கைவிட்ட பொருளையல்லவா அவர்கள் நமக்குத் திருப்பித் தந்திருக்கிறார்கள்? கட்டுரையில் எழுத்துநடை வேண்டும் என்று அவளிடம் அன்பாகச் சொல்லுங்கள். அது உங்கள் கடமை. ஆனால் அந்த மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொல்லுங்கள்.

எல்லைத் தமிழைத் திருத்த வழி கேட்டிருக்கிறீர்கள். என்னிடம் வழி இல்லை, தேவையும் இல்லை. வேண்டுமானால் ஒரு நாள் கரும்பலகையில் பண்ணு, படு, ஆகு என்று மூன்று கட்டம் போட்டு, ஃபீல், டென்ஷன், மிஸ், போன் ஆகியவற்றை எங்கே வைப்பது என்று பிள்ளைகளிடமே கேளுங்கள். வீட்டில் தமிழும் தெருவில் மலையாளமும் கேட்டு வளர்கிறவர்கள், உங்களைவிட வேகமாகச் சொல்லிவிடுவார்கள். ‘போர்’ மட்டும் மூன்றிலும் அடங்காது. அது எப்போதும் நமக்கு ‘அடிக்கிறது’.