மெம்பரேன் (வடிகட்டும் சவ்வு) அடைப்பு: கணித மாதிரி பொருந்தினால் போதுமா? (கேள்வி பதில்)

கேள்வி: புரதக் கரைசலை மைக்ரோஃபில்டரில் 20 நிமிடம் வடித்தேன். வடிகட்டி எப்படி அடைபடுகிறது என்று சொல்லும் ஹெர்மியாவின் நான்கு விதிகளுமே ஆர்-ஸ்கொயர் (பொருத்தத்தின் அளவு; 1 என்றால் முழுப் பொருத்தம்) 0.98க்கு மேல் தருகின்றன. எதை எடுப்பது?

பதில்: இப்போதைக்கு எதையும் எடுக்காதீர்கள். ஃப்ளக்ஸ் (குறிப்பிட்ட பரப்பின் வழியே குறிப்பிட்ட நேரத்தில் வடியும் அளவு) எவ்வளவு இறங்கியது? பத்து சதவீதம்தான் என்றால், அந்தச் சின்னத் துண்டில் நான்கு வளைகோடுகளும் ஏறக்குறைய ஒரே நேர்கோடுதான். பாதிக்கும் கீழே இறங்கும்வரை ஓட்டுங்கள். அப்போதுதான் ஹெர்மியா சமன்பாட்டின் அடுக்கெண் வாய் திறக்கும்: 2 என்றால் துளை முழுதாக அடைபடுகிறது, 1.5 என்றால் உட்சுவர் குறுகுகிறது, 1 என்றால் முழு அடைப்புக்கும் மேற்படிவுக்கும் இடைப்பட்டது, 0 என்றால் மேலே கேக் என்னும் துகள் அடுக்கு படிகிறது.

நானும் ஒருமுறை மாட்டியிருக்கிறேன். நேரத்தை வடிந்த கனஅளவால் வகுத்து, அந்தக் கனஅளவுக்கு எதிரே வரைந்தேன். கோடு நூல் பிடித்தாற்போல் வந்தது. கேக் படிந்தால் அப்படித்தான் வரும் என்பதால், கேக்தான் என்று எழுதியும் விட்டேன். அப்புறம் ஸ்பாஞ்சால் மேற்பரப்பைத் துடைத்துவிட்டுச் சுத்தமான தண்ணீரை விட்டால், ஃப்ளக்ஸ் கொஞ்சமும் திரும்பவில்லை. அழுக்கு துளைக்குள்ளே இருந்தது.

புரதத்துக்கு ஹோ, ஸைட்னி என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2000இல் தந்த மாதிரியையும் பாருங்கள். முதலில் துளை அடைபடும், அடைபட்ட இடத்தின் மேல் படிவு வளரும் என்று இரண்டையும் சேர்த்தே கணக்கிடுகிறது.

கேள்வி: அதில் மாற்றிப் பொருத்திக்கொள்ளும் மாறிலிகள் அதிகம். பொருந்தத்தானே செய்யும்?

பதில்: சரியான சந்தேகம். 1 பாரில் கண்ட மாறிலிகளை வைத்து, 2 பாரில் என்ன வரும் என்று முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். தவறினால் உடனே மாதிரியைத் தூக்கிப் போட வேண்டாம். கேக் அழுத்தத்தில் நெரிபடும், அதன் எதிர்ப்பு கூடும். அதைக் கணக்கில் சேர்த்த பிறகும் தவறினால் மாதிரியில்தான் கோளாறு. வெப்பநிலையையும் குறித்துவையுங்கள். 20 டிகிரியிலிருந்து 30க்குப் போனால் தண்ணீரின் பாகுத்தன்மை சுமார் 20 சதவீதம் குறையும். அதனால் ஃப்ளக்ஸ் கூடி, அடைப்பே குறைந்துவிட்டதாகத் தோன்றும்.

கேள்வி: எங்கள் ஆர்.ஓ. ஆலையில் உள்ளே போகும் தண்ணீரின் எஸ்.டி.ஐ. (அடைப்பு ஆபத்தைக் காட்டும் எண்) 3க்குக் கீழேதான். ஆனாலும் மெம்பரேன் அடைகிறதே?

பதில்: எஸ்.டி.ஐ. என்பது 0.45 மைக்ரான் ஃபில்டரில் 15 நிமிடச் சோதனை. துகளும் கூழ்மமும்தான் அதில் தெரியும். உப்புப் படிவும், மாதக்கணக்கில் வளரும் நுண்ணுயிர்ப் படலமும் அதற்குத் தெரியாது. போதாக்குறைக்கு, துகள் இரண்டு மடங்கானால் எண் இரண்டு மடங்காகாது; 15 நிமிடச் சோதனையில் 6.67ஐத் தாண்டவே முடியாது. கேக் விதியை வைத்துக் கணக்கிடும் எம்.எஃப்.ஐ. என்ற இன்னொரு எண் இந்த விஷயத்தில் தேவலை.

கேள்வி: குறுக்கு ஓட்டத்துக்கும் (மெம்பரேன் மேற்பரப்பை ஒட்டியே கரைசல் ஓடும் முறை) ஹெர்மியா சரிவருமா?

பதில்: அப்படியே போட்டால் வராது. அது நிலையான அழுத்தத்தில், குறுக்கு ஓட்டமில்லாத வடிகட்டலுக்கு எழுதியது. குறுக்கு ஓட்டம் துகளைத் திரும்ப அள்ளிச் செல்வதால் ஃப்ளக்ஸ் ஓரிடத்தில் நின்றுவிடும். ஃபீல்டு என்ற ஆய்வாளரின் குழுவினர் 1995இல் அதற்கென்று ஓர் உறுப்பைச் சேர்த்தார்கள். அந்தச் சமன்பாட்டை எடுங்கள்.